நல்லெண்ணெய் நல்ல எண்ணெயாவது எங்ஙனம்?

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று என்பர். பிற்காலத்தில் தேங்காய், ஆமணக்கு, இலுப்பை, வேம்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்ட நெய்களுக்கும் அப்பெயரே பொதுப்பெயராக வழங்கலாயிற்று. எள்ளின் எண்ணெய் மாத்திரம் நல்லெண்ணெய் எனச் சிறப்புப் பெயர் பெற்றது. தலைக்கு வைத்து முழுகுவதற்கும், உடம்பிற் பூசுவதற்கும், வைத்தியர்கள் தைலங் காய்ச்சுவதற்கும் எம்மவர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த எண்ணெய் இதுவே. இன்று கூந்தலுக்கும் சருமத்திற்கும் உரிய பூச்சுப்பொருள்களைச் செய்வோரும் இதனை விரும்பி வாங்குகின்றனர்.

காலபோக நெல்லை அறுவடை செய்தபின், வயலில் எஞ்சிய ஈரத்தையும் சிறுபோக மழையையும் நம்பி எள்ளு விதைக்கும் கமக்காரர் பலர் உளர். அவர்களுட் பெரும்பாலோர் எள்ளை மூடையாகவே விற்றுவிடுகின்றனர். அதனை ஆட்டி எண்ணெயாக விற்க முயல்வோரும் சில வேளைகளில் மனம் நொந்து திரும்புகின்றனர். “எண்ணெய் காறுகிறது”, “அடியில் மண்டி நிற்கிறது”, “பூஞ்சண மணம் வீசுகிறது” எனக் கூறி வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுகிறார். அவர் கூறுவது உண்மையா என்பதை அறியக் கமக்காரரிடம் அளவுகோல் எதுவும் இருப்பதில்லை. ஆகவே, பூச்சுக்கு உகந்த எண்ணெய் எவ்வாறு உண்டாகிறது, அதன் தரம் எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

எண்ணெய் கெடும் இரு வழிகள்

எண்ணெய் என்பது கிளிசரின் என்னும் பொருளோடு கொழுப்பமிலங்கள் மும்மூன்றாக இணைந்து உண்டானது. இவ்விணைப்பு உறுதியாக இருக்கும்வரை எண்ணெய் மணமும் சுவையும் கெடாது இருக்கும். அதனைக் கெடுக்கும் பகைகள் இரண்டு.

முதலாவது பகை நீர். வித்தினுள் இயல்பாகவே கொழுப்பைப் பிரிக்கும் ஒரு நொதியம் உண்டு. வித்து ஈரமாகவோ நசுங்கியோ இருப்பின் இந்நொதியம் தொழிற்படத் தொடங்கிக் கொழுப்பமிலங்களைக் கிளிசரினிலிருந்து பிரித்துவிடும். பூஞ்சணங்களும் இவ்வேலையையே செய்கின்றன. இவ்வாறு பிரிந்தவை சுயாதீனக் கொழுப்பமிலங்கள் எனப்படும். இவை மிகுந்த எண்ணெய் காறலாயிருப்பதோடு மென்மையான சருமத்தில் எரிவையும் உண்டாக்கக்கூடும்.

இரண்டாவது பகை காற்றிலுள்ள ஒட்சிசன். ஒளி, வெப்பம், செம்பு, இரும்பு ஆகியன இதற்குத் துணையாகும். ஒட்சிசன் எண்ணெயோடு சேரும்போது முதலிற் பெரொட்சைட்டுகள் உண்டாகின்றன. பின்னர் அவை சிதைந்து, பழைய எண்ணெயின் சிக்கு நாற்றத்தைத் தரும் பொருள்களாக மாறுகின்றன.

இவ்விரண்டினையும் மனத்திற் கொண்டால், பின்வரும் அறிவுரை ஒவ்வொன்றின் காரணமும் தானே விளங்கும். நீரை விலக்குக, காற்று, ஒளி, வெப்பம் ஆகியவற்றை விலக்குக. இவையே எண்ணெய்த் தொழிலின் அடிப்படை.

நல்லெண்ணெய்க்கு இயற்கை தந்த ஒரு பாதுகாப்பும் உண்டு. செசமின், செசமொலின் ஆகிய பொருள்களும், செசமொலினிலிருந்து தோன்றும் செசமோலும் ஒட்சிசனின் தாக்குதலைத் தாமதப்படுத்துகின்றன. இதனாலேயே நல்லெண்ணெய் வேறு பல விதை எண்ணெய்களிலும் பார்க்க நீண்டகாலம் கெடாது நிற்கிறது. ஆயினும் ஈரவித்தினால் வந்த கேட்டை இப்பாதுகாப்பு மாற்றமாட்டாது.

வயலிலும் களத்திலும்

எண்ணெயின் தரம் செக்கிலன்று, வயலிலேயே தீர்மானிக்கப்படுகிறது. செக்கு ஆடுவோர் எத்துணை வல்லவராயினும் கெட்ட வித்திலிருந்து நல்ல எண்ணெய் எடுத்தல் இயலாது.

எள்ளுச் செடியின் காய்கள் அடியிலிருந்து நுனிநோக்கி முற்றுகின்றன. அடிக்காய்கள் வெடிக்கும் தறுவாயில் நுனிக்காய்கள் பச்சையாகவே இருக்கும். எல்லாம் முற்றட்டும் எனக் காத்திருப்பின் சிறந்த வித்து நிலத்திற் சிந்திவிடும். முந்தி அறுப்பின் முற்றாத வித்து மிகும். முற்றாத வித்தில் எண்ணெய் குறைவாகவும், சுயாதீன அமிலமும் பச்சை நிறமும் கூடுதலாகவும் இருக்கும். அடியிலைகள் மஞ்சளித்து உதிர, கீழ்க்காய்கள் மஞ்சள் நிறம் அடைந்து இன்னும் வெடியாதிருக்கும் பருவமே அறுவடைக்கு ஏற்றது. காலையில் பனி ஈரம் முற்றாகக் காயுமுன் அறுத்தாற் காய் வெடித்துச் சிந்துவது குறையும்.

அறுத்த செடிகளைச் சிறு கட்டுக்களாகக் கட்டி, நுனி மேலாக நிறுத்தி, காற்றோட்டமாக உலரவிடுதல் வேண்டும். பச்சைக் கட்டுக்களைப் பெருங்குவியலாகக் குவித்து மூடிவிடுவது பெருந்தவறு. குவியலின் உட்புறம் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அக்குவியலிலிருந்து வரும் எள்ளு கண்ணுக்கு நன்றாகத் தோன்றினும் அதன் எண்ணெய் பூஞ்சண மணம் வீசும்.

வெறுநிலத்தில் எள்ளு உதிர்த்தலும் ஆகாது. படங்கின்மேல் அல்லது சீமெந்துத் தளத்தின்மேற் கட்டுக்களைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டுக. சில நாட்களின் பின் மீண்டும் உலர்த்தித் தட்டுக. முதன்முறை தட்டும்போது உதிர்வதே நன்கு முற்றிய வித்தாகும். அதனை வேறாக வைத்துப் பூச்செண்ணெய்க்கும் அடுத்த போக விதைக்கும் பயன்படுத்துக. பிந்தி உதிர்வதைச் சமையல் எண்ணெய்க்கோ விற்பனைக்கோ வைக்கலாம். இவ்வாறு பிரித்து வைப்பதற்குச் செலவு யாதுமில்லை. ஆனாற் பயன் பெரிது.

துப்புரவும் உலர்த்தலும்

சுளகினாற் புடைத்துச் சருகையும் பதரையும் நீக்கி, அரிதட்டினால் மணலையும் களை வித்தையும் நீக்குதல் வேண்டும். எள்ளின் பருமனுள்ள சிறு கற்கள் அரிதட்டிற் பிரியமாட்டா. அவற்றை நீக்க எள்ளை நீரிலிட்டுக் கலக்கி அரித்தெடுக்கும் வழக்கம் உண்டு. அங்ஙனம் செய்யின் அன்றே மெல்லிய படையாகப் பரப்பி முற்றாக உலர்த்திவிடல் வேண்டும். ஈர எள்ளு ஓரிரவு குவியலாகக் கிடப்பினும் கேடு தொடங்கிவிடும்.

சேமித்து வைக்கும் எள்ளின் ஈரப்பதன் நூற்றுக்கு 6 முதல் 8 வரை இருத்தல் நன்று. ஈரமானி இல்லாத கமக்காரர் கையில் ஒரு பிடி எள்ளை அள்ளி இறுக்கிப் பின் விரல்களை விரித்துப் பார்க்கலாம். நன்கு காய்ந்த எள்ளு தடையின்றி வழிந்தோடும். ஈர எள்ளு உள்ளங்கையில் ஒட்டிநிற்கும். உலர்ந்த எள்ளைச் சூடு ஆறியபின்பே சாக்கில் இடுக. சூட்டோடு கட்டிய சாக்கினுள் ஆவி ஒடுங்கி மீண்டும் ஈரமாகும். சாக்குகளை நிலத்தில் வையாது பலகையின்மேல், சுவரைத் தொடாதவாறு அடுக்குக.

செக்கும் பொறியும்

எள்ளின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு எண்ணெயாகும். ஆயினும் அழுத்திப் பிழிவதால் அது முழுவதும் கிடைப்பதில்லை. 100 கிலோகிராம் நல்ல எள்ளிலிருந்து செக்கில் 35 முதல் 40 கிலோகிராம் வரையில் எண்ணெய் எதிர்பார்க்கலாம். எஞ்சியது பிண்ணாக்கோடு நிற்கும்.

எருது சுற்றும் மரச்செக்கும் கற்செக்கும் மெல்ல ஆடுவதால் எண்ணெய் மிகச் சூடாவதில்லை. மின்னோட்டத்தால் இயங்கும் செக்கும் மெதுவாகச் சுற்றுமாயின் அவ்வாறே. திருகுப்பொறியிலோ உராய்வினால் எண்ணெய் 100 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். அதனால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வெப்பம் ஏற்றாது பிழிந்த எண்ணெய் எனக் கூறி அதனை விற்றல் நேர்மையன்று. பூச்செண்ணெய் வாங்குவோர் வடியும் எண்ணெயின் வெப்பநிலை 50 பாகைக்கு மேற்படாதிருத்தலைப் பொதுவாக விரும்புகின்றனர். சாதாரண வெப்பமானி ஒன்றை வடியும் எண்ணெயிற் பிடித்து நாடோறும் குறித்து வைத்தல் எளிது. அக்குறிப்பே பின்னர் உங்கள் சாட்சியாகும்.

செக்கில் எள்ளு ஆட்டும்போது சிறிது நீரும் பனங்கட்டியும் சேர்ப்பது பழைய வழக்கம். பிண்ணாக்கு இறுகி எண்ணெய் எளிதாகப் பிரிவதற்கு அது உதவுகிறது. அவ்வாறு சேர்ப்பின் இயன்றளவு குறைவாகச் சேர்த்து, எண்ணெயை நன்கு தெளியவைத்து, அந்நீர் எண்ணெயில் எஞ்சாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

எள்ளை வறுத்து ஆட்டின் எண்ணெய் கபில நிறமும் மிகுந்த வாசனையும் பெறும். அது சமையலுக்குச் சுவையானது. பூச்சுக்கு வறுக்காத எள்ளின் இளமஞ்சள் எண்ணெயையே பெரும்பாலும் கேட்பர். வாங்குபவர் எதனை விரும்புகிறார் என்பதை ஆட்டுமுன் அறிந்துகொள்க.

ஒரே செக்கில் பல வித்துக்களை மாறிமாறி ஆட்டுவது கலப்படத்திற்கு வழியாகும். விசேடமாக வேப்பம்விதை, ஆமணக்கு, இலுப்பை ஆகியவற்றை ஆட்டிய செக்கை உடனே எள்ளுக்குப் பயன்படுத்துதல் கூடாது. நன்கு துப்புரவு செய்து, சிறிதளவு எள்ளை முதலில் ஆட்டி அவ்வெண்ணெயை வேறாக ஒதுக்கிய பின்பே வேலையைத் தொடங்குக. ஆமணக்குக்கெனத் தனிச்செக்கு இருப்பதே மேலானது. ஏனெனில் அதன் பிண்ணாக்கில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு.

தெளியவைத்தலும் அடைத்தலும்

புதிதாக வடித்த எண்ணெயில் வித்தின் தூளும் பசையும் நீரும் கலந்திருக்கும். மூடியுள்ள துருப்பிடியாத உருக்குப் பாத்திரத்தில் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை அசையாது வைப்பின் அவை அடியிற் படியும். மேலெண்ணெயை மெல்ல வடித்து, தூய வெண்துணியினால் வடிகட்டுக. அடிமண்டியை மேலெண்ணெயோடு கலத்தல் ஆகாது. வடிப்பதற்குத் தாமதித்தாலும் கேடே. மண்டியிலுள்ள நீரும் தூளும் எண்ணெயைக் கீழிருந்து கெடுக்கும்.

வெயிலில் வைத்து எண்ணெயைத் தெளியவைக்கும் வழக்கம் நீர் போவதற்கு உதவும் எனினும், நேரடி ஒளியினால் எண்ணெய் விரைவிற் பழுதாகும். பூச்செண்ணெயை நிழலிலேயே தெளியவிடுக. செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் துருப்பிடித்த தகரங்களையும் அறவே தவிர்த்தல் வேண்டும்.

போத்தல்களைக் கழுவியபின் முற்றாக உலர்த்துக. ஒரு துளி நீரும் போத்தலினுட் தங்குதல் கூடாது. நிறமூட்டிய கண்ணாடிப் போத்தல் ஒளியைத் தடுக்கும். கழுத்துவரை நிரப்பிக் காற்றிடத்தைக் குறைத்து இறுக மூடுக. எள்ளு அறுத்த மாதம், ஆட்டிய திகதி, தொகுதி எண் ஆகியவற்றைச் சுட்டியில் எழுதுக. பழைய எண்ணெயின் மிகுதியோடு புதிய எண்ணெயை ஊற்றி நிரப்பினாற் பழையது புதியதையும் கெடுக்கும்.

கண்ணாலும் மூக்காலும் அறிதல்

ஆய்வுகூடத்திற்கு அனுப்புமுன் கமக்காரர் தாமே செய்யத்தக்க சோதனைகள் சில உள:

1. மணம்: சில துளிகளை உள்ளங்கையில் இட்டுத் தேய்த்து முகர்க. கைச்சூட்டினால் மறைந்துள்ள காறல் மணமும் பூஞ்சண மணமும் வெளிப்படும்.
2. தெளிவு: கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஒரு நாள் வைத்து, அடியிற் படிவு உண்டா எனப் பார்க்க.
3. நீர்: ஒரு கரண்டி எண்ணெயை மெல்லச் சூடாக்குக. படபடவென வெடிப்பின் நீர் உண்டு. முகத்தை அணுகவைத்தல் ஆகாது.
4. குளிர்: குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைக்க. தூய நல்லெண்ணெய் திரவமாகவே நிற்கும். தேங்காய் எண்ணெயோ பாம் எண்ணெயோ கலந்திருப்பின் பெரும்பாலும் கலங்கும் அல்லது உறையும்.

இச்சோதனைகள் ஐயத்தைக் காட்டுமேயன்றித் தீர்ப்பு வழங்கமாட்டா. தூளும் மெழுகும் சிறிதளவு எஞ்சியிருப்பினும் குளிரிற் கலங்கல் தோன்றலாம். மலிவான வேறு விதை எண்ணெய் கலந்திருப்பின் கண்ணும் மூக்கும் ஏமாறலாம்.

ஆய்வுகூடத்து எண்களின் பொருள்

ஆய்வுகூட அறிக்கையைக் கண்டு கமக்காரர் மலைக்க வேண்டியதில்லை. அதில் வரும் எண்கள் ஒவ்வொன்றும் ஒரு வினாவிற்கு விடையாகும். உலக சுகாதாரத் தாபனமும் உணவு விவசாயத் தாபனமும் இணைந்து அமைத்த கோடெக்ஸ் ஆணைக்குழு 1999ஆம் ஆண்டில் தாவர எண்ணெய்களுக்கென ஒரு நியமத்தை ஏற்றுக்கொண்டது. அஃது உணவெண்ணெய்க்குரிய நியமமேயாயினும் நல்ல அளவுகோலாகும். பூச்செண்ணெய் வாங்குவோர் இதனிலும் கடுமையான எல்லைகளைக் கேட்கக்கூடும்.

அமிலப் பெறுமானம்: வித்து ஈரத்தாற் கெட்டதா என்னும் வினாவிற்கு இது விடை. வெப்பமின்றிப் பிழிந்த எண்ணெயில் ஒரு கிராமுக்கு 4.0 மில்லிகிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்பது மேலெல்லை. இது ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு சுயாதீனக் கொழுப்பமிலத்திற்குச் சமம். இவ்வெண் கூடியிருப்பின் குற்றம் களத்திலும் களஞ்சியத்திலும் தேடப்படல் வேண்டும்.

பெரொட்சைட்டுப் பெறுமானம்: எண்ணெய் காற்றாற் கெடத் தொடங்கியதா என்பதை இது காட்டும். மேலெல்லை ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிச் சமவலு. இவ்வெண் கூடியிருப்பின் குற்றம் பெரும்பாலும் பாத்திரத்திலும் போத்தலிலும் உள்ளது. மிகப் பழைய எண்ணெயிற் பெரொட்சைட்டுகள் சிதைந்து இவ்வெண் மீண்டும் குறைந்து தோன்றலாம். ஆதலால் மூக்கின் சாட்சியையும் தள்ளிவிடலாகாது.

அயடீன் பெறுமானமும் சவர்க்காரமாக்கற் பெறுமானமும்: இஃது எவ்வகை எண்ணெய் என்பதற்கு விடை இவை. நல்லெண்ணெய்க்கு முறையே 104 முதல் 120 வரையும், 186 முதல் 195 வரையும் ஆகும். தேங்காய் எண்ணெய்க்கு அவை 6.3 முதல் 10.6 வரையும், 248 முதல் 265 வரையும். இவ்விரண்டும் இத்துணை வேறுபடுவதால் கலப்படம் செய்வோர் இங்கு மறைந்திருப்பது கடினம்.

போடுவான் சோதனை: நல்லெண்ணெயைச் சர்க்கரையோடும் செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தோடும் குலுக்கினாற் செந்நிறம் தோன்றும். இந்தியாவில் வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கப்படல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது இதனைக் கருதியே. நெய்யில் வனஸ்பதி கலந்தால் இச்சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் இச்சோதனை நல்லெண்ணெய் உண்டு என்று கூறுமேயன்றி, வேறொன்றும் இல்லை என்று கூறாது. அமிலம் ஆபத்தானதாகையால் இதனை வீட்டிற் செய்தல் ஆகாது.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு குறிப்பு

கூந்தலுக்கு நம் நாட்டிற் பெரிதும் பயன்படுவது தேங்காய் எண்ணெய். அதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய அரைப்பங்கு லோரிக் அமிலமாகும். 24 பாகையளவில் அது உறையத் தொடங்குவது குறையன்று, இயல்பேயாம். கொப்பறாவை மழையில் நனையவிட்டோ அரைகுறையாக உலர்த்தியோ ஆட்டினாற் காறலோடு அஃபிளாதொட்சின் என்னும் பூஞ்சண நஞ்சும் சேரக்கூடும். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இறக்குமதியான தேங்காய் எண்ணெய்த் தொகுதிகள் சிலவற்றில் இந்நஞ்சு காணப்பட்டமை நாடெங்கும் கவலையை உண்டாக்கியது. எள்ளையும் நிலக்கடலையையும் கூட இப்பூஞ்சணம் விட்டுவைப்பதில்லை. நன்கு உலர்த்துவதே இதற்கு முதற் காப்பு.

நேர்மையான விற்பனை

நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்த எண்ணெய் கெட்ட எண்ணெயன்று. அதற்குரிய பயன்கள் அதற்குண்டு. செக்கெண்ணெய் என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடுவதும் இல்லை. ஈர எள்ளை ஆட்டிய செக்கெண்ணெயிலும் நன்கு சுத்திகரித்த எண்ணெய் சருமத்திற்கு மேலானது. இயற்கை, தூயது என்னும் சொற்களைச் சுட்டியிற் பொறிப்பது எளிது. திகதியையும் அமிலப் பெறுமானத்தையும் பொறிப்பதே நம்பிக்கையைத் தரும். நோய் தீர்க்கும், மயிர் முளைப்பிக்கும் என்றெல்லாம் கூறி விற்றல் ஆகாது. எள்ளு சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவதாகையால், முதன்முறை பூசுவோர் முன்கையிற் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்குமாறு அறிவுறுத்துக.

எள்ளுப் பிண்ணாக்கு பசுவுக்குச் சிறந்த தீன். அதனையும் உலர்ந்த இடத்தில் வைத்து, பூஞ்சணம் பிடிக்குமுன் பயன்படுத்தினால் ஆட்டுகூலியின் ஒரு பகுதியை மீட்கலாம். ஆமணக்குப் பிண்ணாக்கையோ கால்நடைகள் அணுகாதவாறு வைத்தல் வேண்டும்.

இவ்வாண்டு எள்ளு விதைப்போர் தம் விளைவு முழுவதையும் பூச்செண்ணெயாக்க முயல வேண்டியதில்லை. முதன்முறை உதிர்ந்த எள்ளில் ஒரு சாக்கை மாத்திரம் மேற்கூறிய முறையில் உலர்த்தி, ஆட்டி, தெளியவைத்து, ஒரு போத்தலை ஆய்வுகூடத்திற்கு அனுப்புக. அறிக்கையிலுள்ள இரண்டு எண்களும் எந்தப் படியிற் பிழை நேர்ந்தது என்பதைக் காட்டிவிடும். அடுத்தமுறை வாங்குபவர் விலையைக் குறைக்க முற்படும்போது, அவ்வறிக்கையை அவர்முன் வைத்துப் பேசலாம். எள்ளின் இனங்கள், விதை என்பன பற்றிய ஆலோசனையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், மகா இலுப்பள்ளமவிலுள்ள வயற்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனத்திடமும் கேட்டுப் பெறுக.